அன்னவாசல் வண்டிக் கணக்கு

1957-ஆம் வருஷம், அணா போய் நயா பைசா வந்த சமயம். புதுக்கோட்டை அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை, திருச்சி ஜில்லாவோடு இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஐந்து வண்டி ஓடிய சின்னக் கம்பெனி. எனக்கு இருபத்தெட்டு வயது. கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். மாதம் எழுபது ரூபாய் சம்பளம்.

பள்ளிக்கூடத்தில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவன் நான். இதை இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அப்போது கூச்சமே இல்லாமல் எல்லோரிடமும் சொல்லுவேன். நாலு வரிசைக் கூட்டலை விரலை மடக்காமல் போட்டு முடித்துவிட்டு, மற்றவர்கள் பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன். அந்தத் திமிர்தான் இந்தக் கதைக்கே காரணம்.

இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது என்பதால் அந்தக் காசு மாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா. புதுசாக ரூபாய்க்கு நூறு நயா பைசா என்றார்கள். நூறைப் பதினாறால் வகுத்தால் ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா வருகிறது. கால் பைசாவுக்கு எங்கே போவது? அதனால் சர்க்காரே ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தது. ஓரணாவுக்கு ஆறு பைசா, இரண்டணாவுக்குப் பன்னிரண்டு பைசா, நாலணாவுக்கு இருபத்தைந்து, எட்டணாவுக்கு ஐம்பது. பழைய காசும் செல்லும், புதுக் காசும் செல்லும். கடைத்தெருவில் ஆளாளுக்கு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். நான் மட்டும் அதை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

எங்கள் முதலாளிக்குப் பழைய டிக்கெட் புத்தகங்களைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. அறை நிறைய அடுக்கியிருந்தது. ஆகவே அணா போட்ட டிக்கெட்டையே கிழித்துக் கொடுப்பது, காசை மட்டும் அட்டவணைப்படி வாங்கிக்கொள்வது என்று ஏற்பாடு. ஒவ்வொரு டிரிப்புக்கும் எந்த நம்பரிலிருந்து எந்த நம்பர் வரை டிக்கெட் போனது என்று கண்டக்டர் ஒரு தாளில் எழுதுவார். அதற்கு வேபில் என்று பெயர். மறுநாள் காலையில் அந்த வேபிலும் தோல்பையும் என் மேஜைக்கு வரும்.

என் வேலை சின்ன வேலைதான். கடைசி நம்பரிலிருந்து முதல் நம்பரைக் கழித்து ஒன்றைக் கூட்டினால் எத்தனை டிக்கெட் என்று தெரியும். அதை அணாவால் பெருக்க வேண்டும். எல்லா டிக்கெட்டின் அணாவையும் கூட்டிப் பதினாறால் வகுத்தால் எத்தனை ரூபாய் என்று வந்துவிடும். மிச்ச அணாவை மட்டும் பைசாவாக மாற்ற வேண்டும். பிறகு பையில் இருக்கும் காசை எண்ணி இரண்டையும் ஒப்பிட வேண்டும். பழைய காசைப் பதினாறு அணாவுக்கு ஒரு ரூபாயாகவும், புதுக் காசை நூறுக்கு ஒரு ரூபாயாகவும் தனித்தனியாக எண்ணுவேன். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. அதில் எனக்குத் தப்பு வராது என்று நான் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன்.

பொன்னமராவதி வண்டி, திருச்சி வண்டி எல்லாம் கணக்கு டாண் என்று ஒத்துப்போனது. ஒரு பைசா இரண்டு பைசா முன்னே பின்னே இருக்கும், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அன்னவாசல் வண்டி மட்டும் இடித்தது.

அந்த வண்டியின் கண்டக்டருக்கு நாற்பது வயது இருக்கும். ஒல்லியான உயரமான மனிதர். அதிகம் பேசமாட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். சந்தைக்குப் போகிற பெண்கள் கூடையும் சாக்குமாக ஏறி, பக்கத்துப் பக்கத்து ஊரில் இறங்கும் ரூட் அது. முக்கால்வாசியும் ஓரணா, இரண்டணா டிக்கெட்டுகள். ஒரு நாளைக்கு நானூறு டிக்கெட் கிழிக்க வேண்டும். மற்ற கண்டக்டர்கள் அந்த வண்டி என்றாலே ஒதுங்குவார்கள். அவர் முகம் கோணாமல் தினமும் அதில் போய்வந்துகொண்டிருந்தார்.

ஏப்ரலில் முதலில் அஞ்சு பைசா குறைந்தது. அப்புறம் பத்து பைசா. புதுக் காசு பழகவில்லை, கை தடுமாறுகிறது என்று நினைத்தேன். மே மாதம் தினம் முப்பது பைசா, நாற்பது பைசா என்று ஏறியது. ஜூனில் அறுபது. ஜூலையில் எண்பதைத் தாண்டிவிட்டது. ரிஜிஸ்டரில் குறைவு வந்தால் சிவப்பு மையில் எழுத வேண்டும். அன்னவாசல் வண்டிப் பக்கம் முழுக்கச் சிவப்பாகிவிட்டது. கம்பெனி வழக்கப்படி அந்தக் குறைவை மாதச் சம்பளத்தில் பிடித்தேன். அறுபது ரூபாய் சம்பளக்காரர் அவர். ஜூன் மாதச் சம்பளத்தில் பதினெட்டு ரூபாய் போய்விட்டது. வாங்கிய ரூபாயை இரண்டு தரம் எண்ணிப் பார்த்துவிட்டு அவர் போனது ஞாபகம் இருக்கிறது. எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. மாட்டிக்கொண்டும் எடுக்கிறாரே, நாளுக்கு நாள் துணிச்சல் கூடுகிறதே என்று நினைத்தேன்.

அண்ணே என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். ‘கண்டக்டர்’ என்று மொட்டையாகக் கூப்பிட ஆரம்பித்தேன். அவர் அதைக் கவனித்தார்.

ஒரே ஒரு நாள் மட்டும் மேஜை அருகே வந்து நின்று கேட்டார்.

“சார், கோவிச்சுக்காதீங்க. இன்னொரு தரம் கூட்டிப் பாக்குறீங்களா? நான் எல்லாக் காசையும் அப்புடியேதான் போட்டேன்.”

ஆபீஸில் அப்போது இரண்டு டிரைவர்களும் மற்றொரு கண்டக்டரும் இருந்தார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். “கூட்டல்ல எனக்குத் தப்பு வராது கண்டக்டர். தப்பு ஒங்க பையில இருக்கு, போய் அங்க பாருங்க.”

யாரோ சிரித்தார்கள். அவர் வேபிலை மடித்து வைத்துவிட்டு வெளியே போனார். எத்தனையோ பேரிடம் எத்தனையோ பேசியிருக்கிறேன், அந்த ஒரு பேச்சை மட்டும் திருப்பி வாங்கிக்கொள்ள முடியுமானால் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் முதலாளி ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் திருட்டு என்றால் அவருக்குச் சாமி வந்துவிடும். அந்த மாதத்தோடு ஆளை நிறுத்திவிடுவது, அதோடு விடாமல் போலீசிலும் எழுதிக் கொடுப்பது என்று முடிவு செய்தார். கையும் களவுமாகப் பிடித்தால் புகாருக்குப் பலமாக இருக்கும் என்று சொன்னவன் நான்தான். நானே அந்த வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றும் சொன்னேன்.

“அப்ப நாளைக்குச் சந்தை நாளு. கூட்டமாருக்கும். போயி உக்காந்து பாத்துட்டு வா. புடிச்சா அங்கிட்டே எறக்கிவிட்டுரு,” என்றார் முதலாளி.

மறுநாள் காலை பத்து மணி வண்டியில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். கண்டக்டர் என்னைப் பார்த்ததும் நின்றார். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் முகத்தில் கோபம் இல்லை. “வாங்க சார்,” என்று ஜன்னல் ஓரமாக இடம் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

நான் ஒவ்வொரு டிக்கெட்டாகப் பார்த்தேன். எத்தனை தலை, எத்தனை டிக்கெட் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். எல்லோருக்கும் டிக்கெட் கிழித்தார். கேட்ட காசை வாங்கினார், மிச்சத்தைச் சரியாகக் கொடுத்தார். காசு நேரே தோல்பைக்குள் போனது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நான் இருப்பதால் ஜாக்கிரதையாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் என் பக்கமாக வந்தபோதுதான் அதைக் கவனித்தேன். அவருடைய காக்கிச் சட்டையில் மூன்று பாக்கெட். மூன்றின் வாயும் வெள்ளை நூலால் நெருக்கமாகத் தைத்து மூடியிருந்தது. இதென்ன என்று கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “வீட்ல தச்சுருச்சு சார். கூட்டத்துல தவறிக்கூட ஒரு காசு உள்ள விழுந்துறக் கூடாதுன்னு. மூணு வாரமாச்சு. அப்புறமும் ஒங்க கணக்குல கொறையுது.”

வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதுவும் ஒரு நடிப்போ என்று ஒரு நிமிஷம் தோன்றியது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு முன் சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயசிருக்கும். காலடியில் இரண்டு காலிக் கூடைகள். டவுனில் கத்தரிக்காய் விற்றுவிட்டு ஊருக்குத் திரும்புகிறாள். அன்னவாசல் வரைக்கும் நாலணா டிக்கெட். அவளோ பாதி வழியில் இருக்கிற ஒரு ஸ்டாப்பைச் சொல்லி இரண்டணா டிக்கெட் வாங்கினாள். அந்த ஸ்டாப் வந்தது. இறங்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து இன்னொரு பன்னிரண்டு பைசாவை எண்ணி நீட்டினாள். கண்டக்டர் சிரித்துக்கொண்டே அங்கிருந்து அன்னவாசலுக்கு மறுபடி ஓர் இரண்டணா டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

ஆகா, அகப்பட்டது என்று நிமிர்ந்தேன். ஏதோ கூட்டுக் களவு என்று நினைத்து, ஏன் இப்படி இரண்டாக வாங்குகிறாய் என்று அந்தப் பெண்ணை அதட்டினேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஏன் தம்பி, வாங்கக் கூடாதா? நாலணா டிக்கெட்டுன்னா இருவத்தஞ்சு கேக்குறாரு. ரெண்டணா ரெண்டணாவா வாங்குனா பன்னெண்டும் பன்னெண்டும் இருவத்திநாலு. ஒரு காசு மிச்சம்.”

“ரெண்டும் ரெண்டும் நாலணாதானே? அதெப்படி ஒரு காசு குறையும்?” என்று விடாமல் கேட்டேன்.

“அது எனக்கென்ன தெரியும்? சர்க்காருதான் போட்டுருக்கு.”

“அந்த ஒரு காசு எங்க போகுது?”

அவள் முந்தானை முடிச்சைத் தூக்கிக் காட்டினாள். “எங்கிட்டுப் போவும்? இங்கனதான் இருக்கு.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்து என் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். எட்டு இரண்டணா டிக்கெட். பதினாறு அணா. என் கணக்கில் ஒரு ரூபாய், அதாவது நூறு பைசா. ஆனால் எட்டுப் பேர் தனித்தனியாகப் பன்னிரண்டு பைசா கொடுத்தால் தொண்ணூற்றாறு. நாலு பைசா இல்லை. எடுத்தவர் யாரும் இல்லை. ஒவ்வொரு இரண்டணா டிக்கெட்டிலும் அரைப் பைசா, ஒவ்வொரு ஓரணா டிக்கெட்டிலும் கால் பைசா. கண்டக்டர் டிக்கெட் டிக்கெட்டாக மாற்றிக் காசு வாங்குகிறார். நான் எல்லா அணாவையும் கூட்டிவிட்டுக் கடைசியில் மாற்றுகிறேன். இரண்டு பேர் கூட்டலும் சரி. மாற்றுகிற இடம்தான் வேறு.

முந்தின நாள் வேபில் எனக்கு மனப்பாடமாக இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு இரண்டணா, தொண்ணூற்றாறு ஓரணா. நாலணா டிக்கெட்டில் வித்தியாசமே வராது, அதை விட்டுவிட்டேன். என் கணக்கில் முப்பத்திரண்டரை ரூபாய் வர வேண்டும். டிக்கெட் டிக்கெட்டாகப் போட்டால் முப்பத்தொன்று இருபதுதான் வரும். ஒரு ரூபாய் முப்பது பைசா வித்தியாசம். அத்தனை பேரும் புதுக் காசில் கொடுத்திருந்தால் அவ்வளவு குறைந்திருக்க வேண்டும். குறைந்தது தொண்ணூற்றிரண்டு பைசா. சில பேர் இன்னும் பழைய அணாக் காசு கொடுத்திருக்கிறார்கள், அந்த அளவுக்குக் குறைவு மட்டுப்பட்டிருக்கிறது. ஏப்ரலில் ஊரில் எல்லாம் பழைய காசு, அதனால் குறைவு கொஞ்சம். மாதம் ஏற ஏறப் புதுக் காசு பெருகியது, குறைவும் பெருகியது. நான் துணிச்சல் கூடுகிறது என்று நினைத்தது இதைத்தான். மற்ற வண்டிகளில் நாலணாவும் எட்டணாவும் ரூபாயுமாக டிக்கெட் இருந்ததால் அங்கே கணக்கு இடிக்கவே இல்லை. ஒரே ஒரு வாரம் வேறு கண்டக்டரை அன்னவாசல் வண்டியில் போட்டுப் பார்த்திருந்தால்கூட விஷயம் வெளியே வந்திருக்கும். அது எனக்குத் தோன்றவில்லை. திருடர் யார் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டவனுக்கு எப்படித் தோன்றும்?

பிறகு இன்னொன்றும் தட்டுப்பட்டது. அதுதான் என்னை உலுக்கிவிட்டது. சரியான கணக்குப்படி அந்த டிக்கெட்டுகளுக்கு அவர் கட்ட வேண்டியது முப்பத்தொன்று இருபது. அவர் கட்டியது முப்பத்தொன்று ஐம்பத்தெட்டு. அதாவது முப்பத்தெட்டு பைசா கூடுதலாகவே கட்டியிருந்தார். பழைய காசு கொடுத்தவர்களால் வந்த அந்த உபரியை எடுத்துக்கொண்டிருந்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அவர் அதையும் பைக்குள்ளேயே போட்டிருந்தார்.

அன்னவாசலில் வண்டி நின்றதும் இறங்கி ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். வெயிலில் தலை சுற்றியது. இப்போது சொல்லப் போவதை இத்தனை வருஷம் என் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு முதலில் தோன்றியது, இதை யாருக்கும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்பதுதான். நாளையிலிருந்து கணக்குப் போடும் முறையைச் சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டால் குறைவு நின்றுவிடும். நான் வண்டியில் போனதால் பயந்து திருந்திவிட்டார் என்று முதலாளியிடம் சொல்லி, வேலையும் போகாமல் போலீசும் வராமல் பார்த்துக்கொள்ளலாம். அவருக்கும் நல்லது, என் பெயரும் கெடாது. நூற்றுக்கு நூறு வாங்கிய புத்தி எவ்வளவு வேகமாக வேலை செய்தது பாருங்கள்.

அப்போது ஒரு நிழல் விழுந்தது. கண்டக்டர் கையில் ஒரு சோடாவோடு நின்றுகொண்டிருந்தார்.

“வெயிலு ஒத்துக்கலையா சார்? மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்கு. இதக் குடிங்க.”

தன்னைத் திருடன் என்று பிடிக்க வந்தவனுக்கு, அந்த மாதம் அவ்வளவு சம்பளம் பிடிபட்ட மனிதர், தன் காசில் சோடா வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார். நான் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன். டிக்கெட்டின் பின்பக்கத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு டிக்கெட் கணக்கை இரண்டு தரம் சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. என் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். தன் வலது கையை விரித்துப் பார்த்தார்.

“அப்ப என் கையி நல்லாத்தான் இருக்கா சார்?” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் சொல்லித்தான் தெரிந்தது. அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லையாம். என் கணக்கு தப்பாது என்று ஆபீஸில் எல்லோரும் சொல்வதை அவரும் நம்பியிருக்கிறார். அதனால் தன்னிடம்தான் கோளாறு, விரலில் உணர்ச்சி போய்க் காசு நழுவுகிறது, இல்லை கண்ணில் பூ விழுந்து மிச்சத்தைக் கூடுதலாகக் கொடுத்துவிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு மூன்று மாதமாகத் தவித்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணைக் காட்டியிருக்கிறார். வீட்டில் மனைவி முன்னால் கண்ணை மூடிக்கொண்டு காசை எண்ணிப் பழகியிருக்கிறார். நான் எழுதிய சிவப்பு மைக்கு அவர் கொடுத்த மரியாதை அது.

புதுக்கோட்டைக்குத் திரும்பியதும் இரண்டு பேருமாக முதலாளி முன்னால் போய் நின்றோம். நான் பேச்சை வளர்க்கவில்லை. மேஜை மேல் பன்னிரண்டு பன்னிரண்டு பைசாவாக எட்டுக் குவியல் வைத்து, ஒரு ரூபாய் இருக்கிறதா என்று எண்ணச் சொன்னேன். அவர் எண்ணினார். மறுபடி எண்ணினார். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். விஷயம் மண்டையில் ஏறியதும் அவர் முகம் சிவந்தது.

“அப்ப நாலு மாசமா ஒரு மனுசனத் திருடன்னு எழுதி வச்சிருக்க. நானும் கையெழுத்துப் போட்டுருக்கேன். ஒனக்கு எதுக்குய்யா பேனா?” என்று கத்தினார். பிடித்த பணம் முழுவதையும் கல்லாவிலிருந்து எடுத்து அப்போதே கண்டக்டர் கையில் கொடுத்தார். என்னைப் பார்த்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

வீட்டில் குழந்தைகள் முகம் கண் முன்னால் வந்தது. மேஜைச் சாவியை எடுத்து வைத்தேன்.

கண்டக்டர்தான் பேசினார். நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர், அன்றைக்கு முதலாளியிடம் நிதானமாகப் பேசினார்.

“முதலாளி, இவுகளா வந்து சொல்லலேன்னா இது எனக்கும் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது. தப்புன்னு தெரிஞ்சதும் ஒளிக்காம வந்து நின்னாக. அவுகள அனுப்பிட்டு இன்னொருத்தர வச்சா, அவரு தப்புப் பண்ணுனா ஒளிச்சுத்தான் வைப்பாரு. இவுகளே இருக்கட்டும்.”

ஒளிக்கலாமா என்று நான் கால் மணி நேரம் யோசித்தது அவருக்குத் தெரியாது. நான் தலைகுனிந்தேன். முதலாளி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “பட்டவனே சொல்றான், நான் என்ன சொல்ல,” என்று சாவியை என் பக்கம் தள்ளினார்.

நான் கண்டக்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர், அதெல்லாம் வேண்டாம், ஒன்று மட்டும் செய்தால் போதும் என்றார். ரிஜிஸ்டரில் சிவப்பு மையில் எழுதியது அப்படியே இருக்கிறதே, பின்னால் யாராவது புரட்டிப் பார்த்தால் தன்னைத் திருடன் என்றுதானே நினைப்பார்கள், அதைச் சரிசெய்ய வேண்டும் என்று கேட்டார். பக்கம் முழுக்கக் குறுக்கே ஒரு கோடு போட்டு, பிழை என்று எழுதிவிடுகிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாத்தானே சார் எழுதுனீங்க?” என்றார்.

எழுதினேன். ஒவ்வொரு நாள் வேபிலையும் எடுத்து, டிக்கெட் டிக்கெட்டாக மறுபடி கணக்குப் போட்டு, சிவப்பு எழுத்துக்குப் பக்கத்தில் நீல மையில், ‘குறைவு இல்லை. கணக்கு எழுதியவர் பிழை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நூறு வரிக்கு மேல் இருந்தது. மூன்று நாள், மதியம் வண்டி நிற்கும் நேரங்களில் அவர் வந்து என் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தார். எல்லா நாளிலும் உபரி இருந்தது, ஒரு நாளில்கூடக் குறைவு இல்லை. கடைசி வரி முடிந்ததும், “போதும் சார், வண்டிக்கு நேரமாச்சு, வாரேன்,” என்று பையை மாட்டிக்கொண்டு போனார். “போயிட்டு வாங்க அண்ணே,” என்றேன்.

கத்தரிக்காய்க்காரப் பெண்ணையும் அடுத்த சந்தை நாளில் தேடிப் போய்ப் பார்த்தேன். உங்களால்தான் ஒரு குடும்பம் பிழைத்தது என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இனிமேல் அந்த ஒரு காசையும் கேட்கத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து முந்தானை முடிச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். “ரெண்டு டிக்கெட்டு வாங்குறது குத்தமில்லைன்னு கண்டக்டரே சொல்லிருக்காரு,” என்று சண்டைக்கு வந்தாள். குற்றமே இல்லை, ஆயுசு முழுக்க அப்படியே வாங்குங்கள் என்று சொல்லிவிட்டு, அவளிடம் இரண்டு வீசை கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டில் நாலு நாள் கத்தரிக்காய்க் குழம்புதான்.

புது டிக்கெட் புத்தகம் அச்சாகி வந்ததும் அந்தத் தொல்லை தானாகத் தீர்ந்தது. நான் அந்தக் கம்பெனியிலேயே முப்பது வருஷம் கணக்கு எழுதினேன். அதன் பிறகு யார் பெயருக்கு நேராவது குறைவு வந்தால், ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் நான் எந்த இடத்தில் எதை எப்படி மாற்றினேன் என்று முதலிலிருந்து பார்ப்பேன். பாதி நேரம் தப்பு என்னிடம்தான் இருக்கும்.

அந்தக் கண்டக்டர் இப்போது இல்லை. நான் அந்தச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தேன், பெண்ணுக்குக் கல்யாணம் செய்தேன், சின்னதாக ஒரு வீடு கட்டினேன். அப்பா கணக்கு எழுதிச் சம்பாதித்தது என்று பிள்ளைகள் பெருமையாகச் சொல்வார்கள். நூறு நாளுக்கு மேல் என் பேனா திருடன் என்று எழுதிய ஒரு மனிதர் எனக்காக வாய் திறந்து கேட்டு வாங்கித் தந்த சம்பளம் அது என்பதை, இதைப் படித்துத்தான் அவர்கள் தெரிந்துகொள்ளப் போகிறார்கள்.